ஐந்தாம் நம்பர் லைன்

என் மகள் செலின் தன் எடையை இழந்தது அங்கன்வாடித் தராசில், ஒரு புதன்கிழமை காலை, தேயிலைத் தோட்டத்துச் சங்கு ஊதி அடங்கிய நேரத்தில். துணித் தொட்டிலில் அவளைக் கிடத்திக் கொக்கியில் மாட்டியபோது முள் இருந்த இடத்திலேயே இருந்தது, சரளா டீச்சர் தராசின் கண்ணாடியை நகத்தால் தட்டினாள், முள் பூஜ்யத்தைத் தாண்டிப் போகக்கூடாத பக்கமாக நகர்ந்தது, தொங்க வேண்டிய தொட்டில் மேல்நோக்கி உப்பிற்று, அதிலிருந்து என் மகள் கொட்டாவி விட்டபடி வெளியே வந்து தகரக் கூரையில் முதுகு தட்டி நின்றாள். தாய்க்குச் சத்து போதவில்லை என்று டீச்சர் என்னைக் கடிந்துகொண்டு, சத்து மாவுப் பொட்டலம் ஒன்றைக் கூடுதலாகக் கையில் திணித்து, அடுத்த பிள்ளை அழுகிறது, உன்னுடையதைச் சீக்கிரம் இறக்கு என்றாள். பெஞ்சின் மேல் ஏறிக் குதிகாலைப் பிடித்து இறக்கினேன். சால்வைக்குள் சுருட்டி மார்போடு கட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்தபோது, வழக்கத்தைவிட என் காலடி லேசாக விழுவதை உணர்ந்து, முதல் தடவையாகப் பயந்தேன்.

நாங்கள் இருப்பது கோரமந்து அணைக்குக் கீழே, டிரவுட் மீன் பண்ணையின் குடியிருப்பில். ஓடையின் குளிர்ந்த தண்ணீரைச் சிமெண்ட் தொட்டிகளில் ஓடவிட்டு, முட்டை பொரித்து, குஞ்சு வளர்த்து, அணையில் விடுவது இங்கே இருப்பவர்களின் வேலை. என் கணவர் சிரில், தூண்டில் போட வரும் வெளியூர்க்காரர்களுக்குத் துணை போகும் வாச்சர். புதிதாக எது பிறந்தாலும் இதற்கு என்ன தீனி என்று முதலில் கேட்கிற ஆட்கள் இவர்கள். அதனால் செலினைப் பார்க்க வந்தவர்களும் அண்ணாந்து பார்த்தார்கள், பால் குடிக்கிறாளா என்று கேட்டார்கள், குடிக்கிறாள் என்றதும் அப்புறம் என்ன என்றார்கள். டவுன் டாக்டர் இரும்புச் சத்துக் குறைவு என்று சிரப் எழுதினார். ஃபாதர் ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில் விண்ணேற்பைப் பற்றிய பேச்சைக் கவனமாகத் தவிர்த்தார். நான் படித்த கான்வென்ட்டிலிருந்து சிஸ்டர் அனஸ்தாசியா வந்து, பாவமில்லாத பிள்ளை, அதனால் கனமில்லை என்று சொல்லி நெற்றியில் சிலுவை போட்டுவிட்டுப் போனார். அன்றிலிருந்து என் மாமியார் பெர்னதெத், எங்கள் வீட்டில் பாவம் யாரிடம் அதிகம் என்று கணக்குப் பார்க்க ஆரம்பித்தாள், கணக்கு எப்போதும் என்னிடமே வந்து முடிந்தது.

ஒரு வாரத்துக்குள் எல்லோருக்கும் பழகிவிட்டது. சர்க்கரை கடன் கேட்டு வருகிறவர்கள் வாசலில் குனிந்து அவளுக்குக் கீழாக நுழைந்தார்கள், பக்கத்து வீட்டு மாதி அக்கா ஒட்டடைக் கம்பைத் தேடி அலையாமல், இவளைக் கொஞ்சம் குடேன், மூலையில் சிலந்தி கட்டியிருக்கு என்று கேட்டுச் சிரித்தாள், ரேஷன் கடையில் தரையில் கால் படாத பிள்ளைக்குப் பங்கு உண்டா என்று இரண்டு பேர் சண்டை போட்டு, உண்டு என்று முடிவாகிக் கலைந்தார்கள். நான் மட்டும் பழகவில்லை. கதவைத் திறக்குமுன் ஜன்னலைப் பார்ப்பேன், ஜன்னலைத் திறக்குமுன் கதவைப் பார்ப்பேன், அருள் நிறைந்த மரியே சொல்லும்போது பாதியில் நிறுத்தி அவள் இருக்கிறாளா என்று அண்ணாந்து பார்ப்பேன்.

பிறகு அவள் நீலமானாள். பறந்துவிடக் கூடாதென்று என் மாமியார், பெர்னதெத் அத்தை, அவளுடைய கொலுசில் தூண்டில் ஈயம் கோத்து மெத்தையில் படுக்க வைத்திருந்த ஒரு மத்தியானம், அவளுடைய உதடு நாவற்பழம் தின்ற மாதிரி ஆயிற்று, வாய் திறந்து திறந்து மூடியது, சத்தம் வரவில்லை. நான் வீதியில் ஓடினேன். தொட்டி கழுவிக்கொண்டிருந்த மாதி அக்கா ஒரு பார்வையில் கண்டுகொண்டாள், ஏனென்றால் தொட்டியிலிருந்து துள்ளிச் சிமெண்டில் விழும் குஞ்சுகள் அப்படித்தான் வாயைத் திறக்கும், அதைத் தினமும் பார்க்கிறவள் அவள். ஈயத்தைப் பிய்த்து எறிந்து, என் கையிலிருந்து அவளை வாங்கி, தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தாள். அதுவும் போதாமல் தொட்டிச் சுவரில் ஏறி நின்று பிடித்தாள். உதடு சிவந்தது. செலின் தும்மினாள்.

"இவளுக்கு வேண்டிய தண்ணி மேல இருக்கு, லீனா" என்றாள் மாதி அக்கா. "கீழ வச்சா செத்துரும்."

அப்படித்தான் அது எங்கள் வாழ்க்கை ஆனது: பால் குடிக்கிற நேரம் மட்டும் என் மடி, மற்ற நேரமெல்லாம் ஆகாயம், இரவில் கூடக் கூரையில் ஒரு தகரத்தைக் கழற்றி வைத்து அவளை மேலே விட்டுக் கீழே நாங்கள் முறை வைத்து விழித்திருப்பது. கான்வென்ட்டில் தையல் வகுப்பில் கற்றதை வைத்து, ஃபிளானல் துணியில் தோளும் இடுப்பும் சேர்த்து ஒரு சட்டை தைத்து முதுகில் வளையம் வைத்தேன். வளையத்தில் எதைக் கட்டுவது என்பதுதான் தெரியவில்லை. தேங்காய் நார்க் கயிறு கட்டினால் கயிற்றின் கனத்திலேயே அவள் பாதி உயரம்கூடப் போகாமல் மூச்சுத் திணறினாள். பட்ட நூல் என் விரலை அறுத்தது. மீன் பிடிக்கிற நைலான் நரம்பு, காற்று அடிக்கிறபோதெல்லாம் ரப்பர் மாதிரி நீண்டு வெடுக்கென்று சுருங்கி, அவளைக் குலுக்கி எறிந்தது. அன்று முழுக்க அவள் விக்கினாள்.

சிரில் ஓய்வு விடுதியின் பரணிலிருந்து ஈத் தூண்டில் போடுகிற பழைய கோல் ஒன்றை, ஃப்ளை ராடு என்பார்கள், கொண்டுவந்தார். மூங்கிலைப் பிளந்து ஒட்டிச் செய்தது, யாரோ விட்டுவிட்டுப் போனது, பிடிக்கு மேலே, எந்தப் பருமன் லைனுக்கானது என்று நம்பர் எழுதியிருந்த இடம் தேய்ந்து வெறும் பளபளப்பாக இருந்தது. மற்ற தூண்டிலில் முனையிலுள்ள ஈயக்குண்டு பறந்துபோய் நூலை இழுத்துக்கொண்டு போகும் என்றும், ஃப்ளை தூண்டிலில் முனையில் இருப்பது இறகால் கட்டிய பொய் ஈ, ஊதினால் பறக்கும், அதனால் எடை முழுவதையும் லைன் என்கிற தடித்த நூலில் வைத்திருக்கிறார்கள் என்றும், ஆள் வீசுவது ஈயை அல்ல, லைனைத்தான் என்றும் எனக்கு விளக்கினார். அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை. பேசி முடித்துவிட்டு ராடைத் துடைத்தபடியே சொன்னார்: "எடையில்லாததைக் கையில வச்சிருக்கறதுக்குன்னே செஞ்ச சாமான் இது ஒண்ணுதான்."

ராடு இருந்தது, லைன் இல்லை. எந்த லைன் என்று அன்று சாயங்காலம் தொட்டிக்கரையில் கூட்டம் கூடிற்று. மீனைக் கையில் தூக்கிப் பார்த்தே எடை சொல்கிறவர்கள் அவர்கள், எதையும் மீனின் எடையிலிருந்தே யோசிக்கிறவர்கள், அதனால் பிள்ளைக்கு எடையே இல்லை என்பதை மறந்து, இருந்திருந்தால் இத்தனை கிலோ இருக்கும், வளர்ந்தால் இத்தனை ஆகும், காற்று இழுப்புக்கு இன்னும் கொஞ்சம் சேர் என்று ஆளாளுக்குச் சொல்லி, இருப்பதிலேயே பருமனான லைன் வேண்டும் என்று முடிவு செய்தார்கள். மிதக்கும் லைன் ஒன்று, மூழ்கும் லைன் ஒன்று இருக்கிறதாமே, மூழ்குவதே நல்லது, அது அவளைக் கீழ்ப்பக்கமாகப் பிடித்து வைக்கும் என்றாள் அத்தை. மறுத்துப் பேச எனக்கும் தோன்றவில்லை. பயந்தவளுக்குக் கனமானது எல்லாம் பத்திரமாகத் தெரிகிறது.

டவுனில் கம்பளி, குடை, தூண்டில் சாமான் எல்லாம் விற்கிற கடையில் ஜைனம்பு என்று ஒரு பெண் இருந்தாள், என் வயதுதான், அவளும் கைக்குழந்தைக்காரி, கல்லாவுக்குப் பின்னால் தூளியை ஒரு காலால் ஆட்டிக்கொண்டே பெட்டிகளை எடுத்துப் போட்டாள். ராடு நம்பர் கேட்டாள், தெரியாது என்றோம். என்ன மீனுக்கு என்றாள், பிள்ளைக்கு என்றோம். எத்தனை மாதம் என்று கேட்டுவிட்டு, பருமனான மூழ்கும் லைனை எடுத்துத் தந்து, லைன் ராடுக்குப் பொருந்தணும், பிடிக்கிறதுக்குப் பொருந்தணும்னு இல்லை என்று சொல்லத்தான் சொன்னாள், ஆனால் அந்த நேரம் அவள் பிள்ளை அழ, அதைத் தூக்கப் போய்விட்டாள். நாங்களும் பஸ்ஸுக்கு ஓடினோம்.

மறுநாள் அணைக்கரையில் அவளை விட்டோம். கரும்பச்சை லைன், ஈரப் பனியில் நனைந்து, மேலே போவதற்குப் பதில் நடுவில் தொய்ந்து தொய்ந்து இறங்கி, தண்ணீரைத் தொட்டதும் உள்ளே போயிற்று, அணையின் நீரோட்டம் அதைப் பிடித்துக்கொண்டது. ராடு அந்தக் கனத்துக்குச் செய்யப்பட்டதல்ல. அடியிலிருந்தே மடிந்து, செத்த பாம்பு மாதிரித் தொங்கியது, தூக்கினால் தூக்க வரவில்லை, விட்டால் விடவும் வரவில்லை. ஆகாயத்திலிருந்து என் மகள் பின்புறமாக, வளையம் இழுக்க இழுக்க, கைகால்களை விரித்துக்கொண்டு தண்ணீருக்கு வந்தாள். பண்ணைக்காரர்கள் இத்தனை வருஷத்தில் தண்ணீரிலிருந்து மேலே இழுத்துத்தான் பார்த்திருக்கிறார்கள், மேலேயிருந்து தண்ணீருக்குள் இழுக்கப்பட்டு ஒன்று வந்ததைப் பார்த்ததில்லை, எல்லோரும் நின்றுவிட்டார்கள். சிரில் பூட்ஸோடு குதித்து, வாயால் அந்த லைனைக் கடித்து, பிறகு கத்தியால் அறுத்து, அவளை ஒரு கையால் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு கரைக்கு நடந்தார். அவளுடைய பாதங்கள் மட்டும் நனைந்திருந்தன. அன்று இரவு முழுக்க நான் அந்தப் பாதங்களைத் துடைத்துக்கொண்டே இருந்தேன்.

அடுத்த தடவை ராடையும் கையில் எடுத்துக்கொண்டு நான் தனியாகப் போனேன். யாரும் வர வேண்டாம் என்றேன். ஜைனம்பு என்னைப் பார்த்ததும் பிள்ளையை மாமியாரிடம் கொடுத்துவிட்டு, மிதக்கும் லைன்களில் மெல்லியது, நடுத்தரம், பருமன் என்று எடுத்துக்கொண்டு கடைக்குப் பின்னால் இருந்த கோல்ஃப் புல்வெளிக்கு வந்தாள். மூன்றாம் நம்பரை மாட்டி வீசினேன்: ராடு விழிக்கவே இல்லை, விறகுக்குச்சியை ஆட்டுகிற மாதிரி இருந்தது, லைன் என் தோளிலேயே விழுந்தது. எட்டாம் நம்பர்: ராடு முனகிற்று, பிடிவரை வளைந்து திரும்பி வர மறந்தது, அணைக்கரை ஞாபகம் வந்து கீழே போட்டேன். ஐந்தாம் நம்பரை மாட்டிப் பின்னால் வீசி, லைன் முதுகுக்குப் பின்னே முழுசாக நீளும்வரை காத்திருந்து, முன்னால் கொண்டுவந்தபோது, ராடு நடுவரை மட்டும் வளைந்து நிமிர்ந்தது, அந்த நிமிர்வு என் முழங்கைக்குள் வந்து போயிற்று, நான் ஒன்று கேட்டு அது ஒன்று சொன்னது போல.

"இதுதான்" என்றேன்.

"முன்பக்கம் பருத்த லைன் வேணுமா, ரெண்டு பக்கமும் ஒரே சீரா மெலிஞ்சு வர்ற லைனா?" என்று கேட்டாள் ஜைனம்பு. "முன்பக்கம் பருத்தது தூரமாப் போகும். சீரா மெலிஞ்சது மெதுவா இறங்கும்."

"இறங்கறதுதான் எனக்கு வேணும்."

ஆரஞ்சு நிறத்தில் தந்தாள், பனியில் தெரியட்டும் என்று. பிறகு, லைனுக்கு நுனியில் மெல்லிய நரம்பு ஒன்று கட்டுவது வழக்கம், மிஞ்சி இழுத்தால் அது முதலில் அறுந்து ராடும் லைனும் தப்பிக்கும், வேணுமா என்றாள். நான் அவளைப் பார்த்தேன். அவள் அந்தச் சுருளைத் திரும்ப டப்பாவில் போட்டு மூடினாள். லைனை நேராகவே வளையத்தில் கட்டினேன்.

சித்திரையும் வைகாசியும் எங்களுக்கு நல்ல மாதங்கள். அதிக கனமும் இல்லாமல் அதிக லேசும் இல்லாமல் அந்த லைன் அவளோடு மேலே ஏறிற்று, ராடு சின்னதாகத் தலையசைத்துக்கொண்டே இருக்கும், அவள் விக்கினால் எனக்குக் கையில் தெரியும், தூங்கிவிட்டால் தெரியும், பசித்தால் விரலைச் சப்புகிற அந்தத் தாளம் லைன் வழியாக இறங்கி என் உள்ளங்கைக்கு வந்ததும் மார்பு கனக்க ஆரம்பிக்கும். ஒரு கையில் ராடோடு நான் கீரை ஆய்ந்தேன், பூசைக்குப் போய்க் கோவில் வாசலில் நின்றேன். தேயிலை பறிக்கிற பெண்கள் அண்ணாந்து பார்த்து, செலின் இருக்கிற உயரத்தை வைத்து இன்றைக்கு மழை வருமா என்று தங்களுக்குள் முடிவு செய்துகொண்டார்கள். அத்தைகூட, பக்கத்துக் குடியிருப்புக்காரி ஒருத்தி பிள்ளையைப் பட்டம் என்று சொன்னதற்கு, உன் பிள்ளை தரையில் புரண்டு மண் தின்கிறதே, அதை நான் ஏதாவது சொன்னேனா என்று கேட்டுவிட்டு வந்தாளாம். ஆனாலும் எனக்கு ஒரு கெட்ட வழக்கம் படிந்திருந்தது: இடது உள்ளங்கை எப்போதும் லைன் சுற்றிய ரீலின் மேல் அழுந்தி இருக்கும். ராடு வளைகிறபோது லைன் விட வேண்டும் என்று சிரில் எத்தனை தடவை சொன்னாலும், விடு என்ற சொல்லே என் உடம்புக்குப் புரியவில்லை.

ஆனியில் தென்மேற்குக் காற்று வந்தது. அன்று காலை அவளை மேலே விட்டபோது கற்பூர மரங்கள் அசையாமல் நின்றன. அவள் முழு உயரம் போய்ச் சேர்வதற்குள் அணையின் தண்ணீர் கறுத்து, மலை முழுவதும் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. மேகம் இறங்கி அவளை மறைத்தது. ஆரஞ்சுக் கோடு வெள்ளைக்குள் போய் முடிந்தது, அதற்கு மேலே எதுவும் இல்லை. ராடு வளைந்தது, இன்னும் வளைந்தது, அடியிலிருந்து கிறீச்சிட்டது. தொட்டிப்பக்கமிருந்து மாதி அக்கா, விடு, லைன் விடு என்று கத்திக்கொண்டே ஓடிவருவது கேட்டது. நான் இரண்டு கையாலும் ரீலை அமுக்கிப் பிடித்தேன். கடவுளே பிடித்துக்கொள் என்று கேட்டேனே தவிர என் கையைத் தளர்த்தவில்லை. ராடு என் கண் முன்னே நடுவில் முறிந்தது, ரீல் கழன்று பாறையில் விழுந்து உடைந்தது, லைன் என் விரல்களுக்கு இடையே ஓட ஆரம்பித்தது, நான் அதைக் கையில் சுற்றிக்கொண்டேன், தோல் உரிந்தது, என் குதிகால்கள் புல்லில் இழுபட்டுக் கரையின் விளிம்புக்குப் போயின.

மாதி அக்கா எனக்குப் பின்னாலிருந்து லைனைப் பிடித்தாள். அவளுக்குப் பின்னால் அவள் கணவர் போஜன். அவருக்குப் பின்னால் குஞ்சு பொரிப்பகத்து ஆட்கள், ஏப்ரன் கழற்றாத சரளா டீச்சர், கோணிச் சாக்கைக் கையில் சுற்றிக்கொண்டு என் அத்தை, அணையின் மதகிலிருந்து ஓடிவந்த சிரில். வரிசை கரையிலிருந்து தொட்டிகள்வரை போயிற்று. ஆளுக்கு ஒரு பிடி. காற்று இழுத்தபோது எல்லோரும் ஒன்றாக இறுக்க, லைன் வீணைத் தந்தி மாதிரி ஒலித்தது. இது அறுந்துவிடும் என்று எல்லோருக்கும் தெரிந்தது, பண்ணையில் தூண்டில் அறுந்த சத்தம் கேட்காதவர் யாரும் இல்லை.

"ராடு இல்லை, லீனா" என்றார் சிரில் வரிசையின் கடைசியிலிருந்து. "நாமதான் வளையணும். முதல் ஆளு நீ. உனக்குத்தான் தெரியும், எப்ப விடணும்னு. நீ சொல்லு."

எல்லோருடைய முகமும் என் பக்கம் இருந்தது. மழை வந்துவிட்டது. காற்று கொஞ்சம் தணிந்தது, இழுங்க என்றேன், அந்தச் சொல் எனக்குச் சுலபமாக வந்தது; கை மாற்றிக் கை, ஒருவர் இழுத்ததை அடுத்தவர் வாங்கி, செபமாலை மணி நகர்கிற மாதிரி லைன் எங்களுக்குள்ளே நகர்ந்தது, வெள்ளைக்குள்ளிருந்து ஆரஞ்சு நீண்டு நீண்டு வந்தது, அது எங்கே முடியும், முடிகிற இடத்தில் என்ன இருக்கும் என்று தெரியாமலே இழுத்தோம். முதலில் வளையம் தெரிந்தது. பிறகு ஃபிளானல் சட்டை. அவள் நனைந்து, விரலைச் சப்பிக்கொண்டு, கோபமாக என்னைப் பார்த்தாள்.

அங்கேயே உட்கார்ந்து மார்பைக் கொடுத்தேன். அத்தை முந்தானையை என் தலைக்கு மேல் விரித்துப் பிடித்தாள். மற்றவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள், ஆனால் லைனை யாரும் கீழே போடவில்லை. அவள் குடித்தாள். இப்படியே காற்று நிற்கும்வரை என் மடியில் இருந்துவிட மாட்டாளா என்று கேட்டேன், யாரிடம் கேட்டேன் என்று தெரியாது. ஒரு பக்கம் குடித்து முடித்து மறுபக்கம் மாற்றும்போது பார்த்தேன்: உதட்டின் ஓரத்தில் நீலம் ஆரம்பித்திருந்தது.

காற்று மறுபடி மலையிலிருந்து இறங்குவது மரங்களில் தெரிந்தது. வாயிலிருந்து பால் வழிய அவள் தலை பின்னால் சாய்ந்தது, அவளுடைய வாய் திறந்து திறந்து மூடியது. மாதி அக்கா குனிந்து பார்த்தாள், போய்த் தன் இடத்தில் நின்று லைனைப் பிடித்தாள். அத்தை முந்தானையை மடக்கிச் செருகிக்கொண்டாள். நான் எழுந்து முடிச்சைப் பார்த்தேன், இறுக்கினேன், மறுபடியும் பார்த்தேன். அவளைத் தலைக்கு மேல் தூக்கினேன், என் கைகள் முழு நீளமும் போன பிறகும் விரல்கள் அவளைப் பிடித்துக்கொண்டே இருந்தன. அவை என் விரல்கள்தான். ஒவ்வொன்றாக எடுத்தேன்.

அவள் போனாள். காற்று அவளைச் சுண்டிப் பிடித்தது, லைன் என் புண்ணான உள்ளங்கையில் இறுகியது, எனக்குப் பின்னால் இருந்த அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"விடுங்க" என்றேன்.

மாதி அக்கா கொஞ்சம் விட்டாள், போஜன் கொஞ்சம் விட்டார், அத்தை கொஞ்சம் விட்டாள், வளைவு ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் போய்க் கடைசியில் சிரிலிடம் போய் நிமிர்ந்து திரும்பி என் கைக்கு வந்தது, லைன் அறுபடவில்லை.

அடுத்த காற்று வந்துகொண்டிருந்தது.

"விடுங்க" என்றேன், இன்னும் சத்தமாக.